கட்டுத்தறிக்கும் விரட்டலுக்கும் நடுவே: முதிய மட்டக்குதிரையின் நடை

முகூர்த்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தியாகராய நகரின் கல்யாண மண்டபத் தெருக்களில் நடந்தால், எங்காவது ஒரு வாசலில் சரிகைத் துணி போர்த்திய குதிரை நிற்பதைப் பார்க்கலாம். மாப்பிள்ளை அழைப்புக்காக வந்தது. எல்லோர் கண்ணும் அதன் நெற்றிப்பட்டத்திலும் கழுத்து மணியிலும் இருக்கும். நான் பார்க்கச் சொல்வது அதன் கால்களை. நல்ல நிலையில் உள்ள குதிரை முன்கால் இரண்டையும் சமமாக ஊன்றி நிற்கும். அலுப்புத் தட்டினால் பின்காலில் ஒன்றை மட்டும் தளர்த்திக்கொள்ளும். அது இயல்பு. வயதாகி, குளம்பில் நோவும் உள்ள குதிரை அப்படி நிற்காது. முன்கால்களை மாற்றி மாற்றி வைக்கும். எடையைப் பின்னுக்குச் சாய்த்து, முன்கால்களை நீட்டிக்கொண்டு நிற்கும். ஊர்வலம் கிளம்பியதும் முதல் சில அடிகளை முள்மேல் வைப்பதுபோல் வைக்கும். பேண்டு வாத்தியச் சத்தத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது. வயதாகி, ஒன்றிரண்டு நோயும் சேர்ந்துவிட்ட ஒரு சின்னக் குதிரையை எவ்வளவு நடத்தலாம், எப்படி நடத்தலாம், எந்த நாளில் நடத்தவே கூடாது? இதற்கு விடை சொல்லும் கையேடுகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், மேய்ச்சல் நிலமும் மழைச்சாரலும் உள்ள ஊர்களில் எழுதப்பட்டவை. சென்னையின் புழுக்கத்துக்கும் தார்ச்சாலைக்கும் அவற்றை அப்படியே எடுத்து வைக்க முடியாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே என் நோக்கம்.

சின்னக் குதிரைக்குத் தமிழில் மட்டக்குதிரை என்ற நல்ல சொல் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்பவை பெரும்பாலும் இவைதாம். அமெரிக்காவில் இன்னும் குட்டையாக, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேற்படாத இனமாக வளர்ப்பவை குள்ளக்குதிரைகள். நம் ஊரில் பண்ணை வீடுகளிலும் கண்காட்சிகளிலும் அவை அரிதாகத் தென்படுகின்றன. மட்டமோ குள்ளமோ, இவற்றுக்கு ஆயுள் கெட்டி. இருபது வயதில் கிழத்தன்மை எட்டிப் பார்த்தாலும், நல்ல பராமரிப்பில் முப்பதைத் தொடுவது அபூர்வமல்ல. அதாவது, முதுமை என்று நாம் சொல்லும் பருவம் அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்காக இருக்கக்கூடும். அந்தப் பத்து வருடங்களை எப்படிக் கழிக்கப்போகிறது என்பது அற்பமான கேள்வி அல்ல.

தமிழகத்தில் இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குக் காயல் துறைமுகத்தின் வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போயின என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஏறத்தாழ அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வந்த குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைத்தார்களாம். வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து கொடுத்தார்களாம். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஒரே நாளில் ஏறி விரட்டினார்களாம். வலுவான குதிரைகள்கூடச் சில நாளில் சோர்ந்து உதவாமல் போயின என்கிறார்.

வெளியூர்க்காரர் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனால் கட்டிப்போடுவது, கொழுக்க வைப்பது, பிறகு திடீரென்று விரட்டுவது என்ற அந்த வரிசையை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். குதிரைக்குக் குளம்பு நோய் வரவைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பார். எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் நகரக் குதிரைகளின் வாழ்க்கை இந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான் ஊசலாடுகிறது. வேலை இல்லாத நாளெல்லாம் ஒரு முழக் கயிற்றில் நிற்கும். முகூர்த்தம் வந்தால், கடற்கரைக்கு விடுமுறைக் கூட்டம் வந்தால், மணிக்கணக்காக ஓடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மெதுநடைதான் முதிய குதிரைக்கு மருந்து. அதுதான் அதற்குக் கிடைப்பதில்லை.

இயற்கையில் குதிரை எப்படி நடக்கிறது என்று பார்க்க நாம் மங்கோலியா போக வேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில், 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டிலும் உவர்நிலத்திலும், வீட்டை விட்டுக் காடேறிய மட்டக்குதிரைகள் தலைமுறை தலைமுறையாகத் திரிகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அவற்றையும் விடவில்லை. பாக் நீரிணைக்கு அப்பால் நெடுந்தீவிலும் ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தக் குதிரைகளுக்கு யாரும் உடற்பயிற்சி கொடுப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, ஒரு வாய் புல், இரண்டடி நடை, மறுபடி ஒரு வாய் புல் என்று ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டம் எப்போதாவதுதான். கோடைப் பஞ்சமும் நோயும் அவற்றையும் கொல்லும் என்பதால் அந்த வாழ்க்கையைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குதிரையின் உடம்பு எந்த வேகத்துக்காக அமைந்தது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

அந்த மெதுநடை உடம்புக்குள் என்ன செய்கிறது? குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வோர் அடியிலும் அது அழுந்தி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்குக் கணுக்கால் வீங்குவது இதனால்தான். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர் அசைவினால்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம் கொண்டுபோகிறது. குடல் அசைவுக்கும் நடை வேண்டும். கட்டியே கிடக்கும் கிழக்குதிரைக்கு மலம் இறுகி வயிற்றுவலி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சின்ன இனங்களின் பெரிய சாபமான இன்சுலின் கோளாறு இருக்கிறது. பஞ்சநிலத்தில் பிழைக்கப் பழகிய உடம்பு கிடைத்ததையெல்லாம் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும். பிடரியின் மேல்விளிம்பு தடித்து, தொட்டால் கல்போல் இருக்கும். நடை அந்த இன்சுலினுக்கு உடம்பை மறுபடி வசப்படுத்துகிறது. நம் சர்க்கரை நோயாளிகள் நடேசன் பூங்காவில் காலையில் சுற்றிவருவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

ஒரே ஒரு வேற்றுமை உண்டு. அது உயிர்போகிற வேற்றுமை. சர்க்கரை நோயாளிக்குக் கால்வலி வந்தால் உட்கார்ந்துவிடுவார். குதிரை உட்காராது. லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியில், குளம்புக் கூட்டையும் உள்ளே உள்ள எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் தளர்ந்து கிழிகின்றன. நகத்துக்கும் சதைக்கும் நடுவே உள்ள பிடிப்பு அறுந்துகொண்டிருக்கும்போது அந்த விரல்மேல் ஏறி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நடக்க வைத்தால், எலும்பு சுழன்று குளம்பின் அடித்தட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடக்கூடும். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்ற நல்லெண்ணம் குதிரையைக் கொல்லும் இடம் இதுதான்.

ஆகவே உடற்பயிற்சியைப் பற்றிய முதல் அறிவு, எந்த நாளில் அது கூடாது என்று தெரிந்துகொள்வது. தினமும் காலையில் தும்பை அவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நான்கு குளம்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி மெலிதாகத் தட்டுப்படும். நோயில்லாதபோது அது கிடைப்பதே சிரமம். சுத்தியல்போல் அடித்தால் அன்றைக்கு நடை இல்லை. பிறகு இரண்டடி நடத்தி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது முன்காலைச் சட்டென்று தூக்கினாலும் சேர்த்துச் சேர்த்து வைத்தாலும், அதை மணலோ வைக்கோலோ ஆழமாகப் பரப்பிய இடத்தில் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வலிமருந்து போட்டுவிட்டு நடத்தலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வலியை மறைத்து நடத்துவது, எச்சரிக்கை மணியைத் துணியால் சுற்றிவிட்டுத் தீக்குள் போவதற்குச் சமம். வலிமருந்து பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தை நினைத்தாவது, மனிதர்களுக்கான ஊசியை மருந்துக்கடையில் வாங்கிவந்து குதிரைக்குப் போடக் கூடாது.

இனி, வயோதிகம் என்று நாம் சொல்வது உண்மையில் வயோதிகந்தானா என்ற கேள்வி. மேலைநாட்டுக் கையேடுகள் பதினைந்து வயதைத் தாண்டிய குதிரை சோர்ந்தால் முதலில் பிட்யூட்டரிச் சுரப்பியைச் சந்தேகிக்கச் சொல்கின்றன. நியாயந்தான். அந்த வயதுக் குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு, குஷிங் நோய் என்று வழக்கில் சொல்லும் அந்தச் சுரப்பிக் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. மயிர் உதிராமல் நீண்டு சுருளும், முதுகுச் சதை கரையும், தண்ணீர் அதிகம் குடிக்கும், குளம்பு அழற்சி திரும்பத் திரும்ப வரும். பெர்கோலைடு என்ற மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் இந்தியாவில் ஒரு குதிரை மெலிந்து, களைத்து, காலும் அடிவயிறும் வீங்கி நின்றால் முதலில் எடுக்க வேண்டியது இரத்தப் பரிசோதனை. சர்ரா என்ற நோயின் ஒட்டுண்ணியை கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல் கண்டுபிடித்தது இதே துணைக்கண்டத்தில், தேரா இஸ்மாயில்கானில்தான். கடிக்கும் ஈக்கள் பரப்பும் அந்த நோய் இன்றும் நம்மிடம் இருக்கிறது. உண்ணி பரப்பும் இரத்த நோய்களும் உண்டு. இவற்றுக்கு மருந்தும் உண்டு. வயசாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ குதிரைகளுக்கு வயசு ஒரு நோயாகவே இருந்திருக்காது என்பது என் எண்ணம். பயிற்சியைத் தொடங்குமுன் இரத்தம் பார்த்து, இதயத்தைக் கேட்டு, பல்லையும் பார்த்துவிட வேண்டும். 1903இல் வேப்பேரியில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, தியாகராய நகரிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது.

சென்னையின் உண்மையான சோதனை, வெயில். குதிரைக்காரர்களிடையே உலகெங்கும் ஒரு கூட்டல் கணக்கு வழங்குகிறது. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டை அதோடு கூட்ட வேண்டும். 130க்குள் இருந்தால் குதிரை தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 180ஐத் தொட்டால் வேலையே கூடாது. இதைச் சென்னையில் போட்டுப் பார்ப்போம். மே மாத விடியலில் 28 பாகை செல்சியஸ், அதாவது 82; ஈரப்பதம் 75 என்றால் கூட்டுத்தொகை 157. அதே நாள் உச்சியில் 38 பாகை, அதாவது 100. ஈரப்பதம் 50க்கு இறங்கியிருந்தால் 150. கணக்கை நம்பினால் விடியலைவிட நண்பகல் நல்லது என்று வரும்! வெயில் நேரடியாக முதுகில் இறங்குவதையும், தார் கொதிப்பதையும் இந்தக் கணக்கு அறியாது. நம் ஊரில் இதைத் தடை சொல்ல மட்டும் பயன்படுத்தலாம். அனுமதி கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

மட்டக்குதிரைக்கு இன்னொரு சங்கடம், அதன் உயரம். அதன் அடிவயிறு சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. நம் முகத்தில் படும் காற்று வேறு, அதன் வயிற்றில் படும் அனல் வேறு. வண்டிகளின் புகைக்குழாய்க்கும் நம் மூக்கைவிட அதன் மூக்கே அருகில். சாயங்காலம் கடற்காற்று வந்து நமக்குச் சுகமாக இருக்கும்போதும் உஸ்மான் சாலைத் தார் பகலில் வாங்கியதைக் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையைச் சாலையில் வைத்துப் பத்து எண்ண முடியாவிட்டால் குதிரையை அதில் இறக்கக் கூடாது. கோடையில் சூரியன் எழுவதற்கு முன் உள்ள அரைமணிதான் அதன் நேரம். காற்றசைவு இல்லாத விடியல் என்றால் அதிலும் பாதி. குஷிங் நோயால் மயிர் அடர்ந்த குதிரைக்குப் பங்குனியிலேயே மயிரை மழித்துவிட வேண்டும். கம்பளியோடு வெயிலில் நிற்கச் சொல்லலாமா?

இன்னும் ஒன்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். குளிர்நாட்டிலிருந்து இந்தியா போன்ற நாடுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்த காலத்திலேயே இது கவனிக்கப்பட்ட நோய். நடந்து வந்த குதிரை உலர்ந்த உடம்போடு மூச்சிரைத்தால், வியர்க்கவில்லை, களைப்பில்லை என்று மகிழக் கூடாது. உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பயம் இங்கே பலருக்கு இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கைக்கு ஆயத்தமாக நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. ஊற்ற வேண்டும், வழித்துவிட வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். குடிக்கவும் கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் தொல்லை வேறு மாதிரி. தியாகராய நகர் நிற்பதே ஒரு பெரிய ஏரியின் படுகையில். 1920களில் அதை வடித்துப் போட்ட மனைகள்தாம் இன்றைய தெருக்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் குதிரையை நடத்தினால் குளம்பு ஊறி அழுகும். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் நோய் குதிரையின் கண்ணைத் தாக்கும். ஆணி குத்தினால் இசிவு நோய். அதற்குத் தடுப்பூசி போடாத குதிரை தெருவிலேயே இறங்கக் கூடாது. மூச்சுக்கோளாறு உள்ள கிழக்குதிரைக்குத் தை பிறப்பதற்கு முந்தைய போகி விடியல் ஆண்டின் மிக மோசமான காலை. அன்றும் தீபாவளியன்றும் அது லாயத்திலேயே, நனைத்த வைக்கோலோடு இருக்கட்டும்.

இத்தனை தடைகளையும் கடந்த ஒரு நாளில், நடை எப்படி இருக்க வேண்டும்? தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நாமும் நடக்க வேண்டும். முன்னால் நின்று இழுக்கக் கூடாது. முதல் வாரம் காலையும் மாலையும் ஐந்தே நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, இருபது நிமிடத்துக்கு வர ஒன்றரை மாதம் ஆகலாம். அவசரமில்லை. மூட்டுவாதம் உள்ளதற்கு முதல் சில நிமிடம் விறைப்பாகத்தான் இருக்கும். நடக்க நடக்க இளகினால் நல்லது, நடக்க நடக்க நொண்டல் கூடினால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். கயிற்றைக் கட்டிச் சின்ன வட்டத்தில் சுற்றவிடுவது முதிய மூட்டுக்கு ஆகவே ஆகாது. பெரிய குதிரையின் நாடி ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். குட்டை இனங்களுக்குச் சற்றுக் கூடுதல். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து எண்ணலாம். நடந்து முடித்துப் பத்து நிமிடத்தில் நாடி பழைய எண்ணுக்கு அருகில் வரவில்லை என்றால் மறுநாள் நேரத்தைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு சோதனை, கையேட்டில் உள்ள எல்லா அட்டவணைகளையும்விட நம்பகமானது.

நடை பழகியபின் தரையில் மூன்று நான்கு மூங்கில் கழிகளை இடைவெளிவிட்டுப் போட்டு, அவற்றைத் தாண்டிப் போகச் செய்யலாம். காலைத் தூக்கி வைக்கும்போது வயிற்றுச் சதையும் முதுகும் வேலை செய்யும். கேரட்டோ வெள்ளரித் துண்டோ காட்டி, தலையை மார்புக்கும், முழங்காலுக்கும், விலாப்பக்கத்துக்கும் கொண்டுபோகச் செய்வது கழுத்துக்கும் முதுகுக்கும் நல்லது. குள்ள இனங்களில் பின்காலின் முழங்கால் சில்லு நழுவிப் பூட்டிக்கொள்ளும் குறை அதிகம். அவற்றுக்கு மேடேறுவதும் கழி தாண்டுவதும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே. கண் மங்கிய குதிரைக்குத் தினமும் ஒரே வழி, ஒரே குரல். அது நம் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

தரை எது? பலரும் மணல்தான் மெத்தென்றது என்று மெரினாவைச் சொல்வார்கள். பாதி சரி. குளம்புக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் உலர்ந்த ஆழமணலில் கால் புதைந்து இழுத்து நடக்கும்போது நாண்கள் இளைஞனுக்கே வலிக்கும். அலை நனைத்து இறுகிய மணல்தான் நல்லது. தீனியை மணலில் போடவும் கூடாது. வயிற்றுக்குள் போன மணல் பெருங்குடலில் படிந்து வலியாகத் திரும்பி வரும்.

நடையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அது கட்டவிழ்த்துவிட்ட நேரம். இருபது நிமிடம் நடத்திவிட்டு மிச்ச இருபத்துமூன்றரை மணிநேரத்துக்கும் மேல் ஒரு முழக் கயிற்றில் கட்டிவைத்தால் அந்த நடையின் பயன் கரைந்துவிடும். வேலி போட்ட ஒரு சின்ன வெளி, தண்ணீர் ஒரு மூலையில், வைக்கோல் எதிர்மூலையில். அது போதும், தானே நாள் முழுக்க நடக்கும். கூட இன்னொரு குதிரை இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஓர் ஆடாவது. கூட்டத்தில் பிறந்த விலங்கு தனியாக நின்றால் மனம் வாடும்; மனம் வாடினால் தீனி இறங்காது. மட்டக்குதிரை இரண்டு நாள் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு உருகி இரத்தத்தில் கலந்து ஈரலை அடைக்கும். இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போடுவதும் இதே ஆபத்து. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்தீவனம் என்ற அளவுக்குக் கீழே மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தனி வீடுகளும் தோட்டங்களும் மறைந்துபோன தியாகராய நகரில் இப்படி ஒரு வெளி கிடைக்காது. ஆகவே அங்கே குதிரை வளர்க்கக் கூடாது என்பதுதான் என் முடிவு, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

பாசத்தோடு கொடுக்கும் தீனியும் நடையின் எதிரிதான். மண்டப வாசலில் நிற்கும் குதிரைக்கு லட்டு, ஜாங்கிரி, வாழைப்பழம், வெல்லம். கடற்கரையில் பிஸ்கட். இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்கு அந்த இனிப்பு மறுநாள் குளம்பில் தெரியும். குதிரைக்கென்றே பெயர்பெற்ற கொள்ளும் வேலை செய்யும் குதிரைக்கு உரியது. வேலை ஓய்ந்த கிழத்துக்கு அதை வாளி வாளியாக வைப்பது, வஸ்ஸாஃப் கண்ட அந்த நாற்பது நாள் கதையைத் திரும்ப நடத்துவதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? அடையாறு கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வயதாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். மிகக் குட்டையான கயிற்றில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும் குற்றம். முதல் குற்றத்துக்குச் சட்டம் எழுதிய அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1965ஆம் ஆண்டின் விதிகள் இழுவை விலங்குகளையும் பொதி விலங்குகளையும் ஒரு நாளில் ஒன்பது மணிநேரத்துக்கு மேலும், தொடர்ந்து ஐந்து மணிநேரத்துக்கு மேலும், 37 பாகையைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையிலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக் கூடாது. அதே 11ஆம் பிரிவில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒரு வரி இருக்கிறது. அடைத்தே வைத்திருக்கும் விலங்குக்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது குற்றம் என்கிறது அது. ஆனால் அந்த விலங்கு நாய் மட்டுமே. குதிரையின் பெயர் அங்கே இல்லை. சட்டத்தைத் திருத்தும் நாள் வந்தால் அந்த வரியில் குதிரையையும் சேர்க்க வேண்டும்.

குதிரைக்காரர்களைக் குற்றவாளிகளாக்க இதை எழுதவில்லை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம், ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி குறைந்துவிட்டன. 1777 முதல் குதிரைகள் ஓடிய கிண்டிப் பந்தயத் திடலையும் 2024இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. குதிரை குறையக் குறைய லாடம் கட்டத் தெரிந்தவர், குளம்பு சீவத் தெரிந்தவர், நாடி பார்க்கத் தெரிந்தவர் எல்லோரும் குறைகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் கிடைக்காமல், வளர்ந்து வளைந்த குளம்போடு நடக்கும் குதிரைக்கு எந்தப் பயிற்சியும் வேதனைதான். ஒரு நாள் சவாரி இல்லையென்றால் அன்று தீனிக்கு வழியில்லை என்ற நிலையில் உள்ளவரிடம், குதிரைக்கு ஓய்வு கொடு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. கால்நடைத் துறை மாதம் ஒரு நாள் கடற்கரைக்கே வந்து குளம்பும் பல்லும் இரத்தமும் பார்க்கும் முகாம் நடத்தட்டும். ஓய்வுபெறும் குதிரைகளுக்கு நகருக்கு வெளியே ஒரு வேலியிட்ட மேய்ச்சல் நிலம் ஒதுக்கட்டும். கேட்பது பெரிய தொகை அல்ல.

நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்தமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்போது, குதிரையில் ஏற்றுவதற்கு முன் அது எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். முன்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நின்றால், குதிரைக்காரரிடம் சவாரிக் காசைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு வேண்டாம், இதுக்குக் கால் நோவுது, வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள்.